கலீம் பாயும் முதல் தட்டும்

கலீம் பாய் தன் வலது உள்ளங்கையைச் சைலன்சரின் வாய்க்கு நேரே நான்கு விரல் தள்ளிப் பிடித்திருக்கிறார். வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. பார்வை வேறெங்கோ, பெரும்பாலும் முருகன் கோயில் மலைப்படிகளின் பக்கம். புகை அவர் விரல்களுக்கிடையே பிரிந்து போகிறது. வண்டிக்காரர் ஏதாவது பேச வாயெடுத்தால் இடது கையைத் தூக்கி நிறுத்திவிடுவார். பிறகு கையை முகர்ந்து பார்த்து, பேண்ட்டில் துடைத்துக்கொண்டு சொல்வார்: "மூச்சு முட்டுது. உள்ள அடச்சிகினு கீது."

"சத்தம் ஜாஸ்தின்னு கொண்டாந்தேன் பாய். நீங்க அடைப்புன்றீங்க?"

"ரெண்டும்தான். முன்னாடி அடைப்பு, பின்னாடி ஓட்ட. மூக்கு அடச்ச மனுஷன் கத்திக் கத்திப் பேசறான்ல, அந்த மாதிரி."

அரக்கோணம் சாலையில், டயர் கடைக்கும் கரும்புச்சாறு வண்டிக்கும் நடுவே இருக்கிறது கலீம் சைலன்சர் ஒர்க்ஸ். கடை திறந்தது தொண்ணூற்று மூன்று என்று அவர் சொல்வார். 1994 மார்ச் என்று நான் சொல்வேன். என் லாம்பிரெட்டா அங்கே படுத்த இரண்டாவது வண்டி. இந்தத் தகராறு எங்களுக்குள் இன்னும் தீரவில்லை. அவருக்கு வயது அறுபத்திரண்டு. அக்கினி நட்சத்திரத்திலும் முழுக்கைச் சட்டைதான், ஆனால் வலது கை மட்டும் முழங்கை வரை சுருட்டியிருக்கும். அந்தக் கையில் ரோமம் கிடையாது. புகையில் பொசுங்கிப் போனது. மூக்குக்கண்ணாடியின் ஒடிந்த காதுக்குப் பெட்ரோல் டியூபை மாட்டியிருக்கிறார். தன் வேலையைப் பற்றி அடக்கமாகப் பேச அவருக்குத் தெரியாது. "அரக்கோணம் வரைக்கும் போய்க் கேளு. இந்தக் கைக்கு ஈடு இல்ல" என்று வாடிக்கையாளரிடமே சொல்வார்.

அவர் செய்யும் பொருள் பார்க்கச் சாதாரணமானது. ஒரு நீளக் கம்பி. அதில் கோத்த ஆறு வட்டத் தட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு துளை. தட்டுகள் ஒன்றையொன்று தொடாதிருக்க நடுவே சின்னக் குழாய்த் துண்டுகள். கடைசியில் ஒரு நட்டு. இதை அப்படியே சைலன்சர் குழாய்க்குள் செருகிவிடுவார். நட்டைக் கழற்றினால் மொத்தமும் கையோடு வந்துவிடும். பழுதான தட்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். மலையேறும் வண்டிக்கு ஒரு தட்டைக் குறைப்பார். ஆர்.கே.பேட்டையில் விசைத்தறிக் கொட்டகை ஜெனரேட்டர்களுக்கு இதே வேலையைப் பெரிய அளவில், இரண்டு தட்டு கூட்டிச் செய்து கொடுக்கிறார்.

எஞ்சினிலிருந்து பீறிக்கொண்டு வரும் புகை எப்படி அடங்குகிறது என்று கேட்டால் மலையைக் காட்டுவார்.

"ஆடிக் கிருத்திகைக்கு அம்மாம் ஜனத்த எப்பிடி விடறாங்க? ஒரு ஷெட்ல நிறுத்தறாங்க. கொஞ்சம் மூச்சு வாங்கினதும் அடுத்த ஷெட்டுக்கு விடறாங்க. அதுக்கும் அடுத்தது. சன்னதிகிட்ட போறதுக்குள்ள சனம் தானா அமைதியாயிடுது. ஒரே வாசல்ல விட்டா இன்னா ஆவும்? அதான் சத்தம். மொத ஷெட்டு பெருசா இருக்கணும் சார், தள்ளு அங்கதான். தடுப்புக் கம்பி வளையறதும் அங்கதான்."

ஆகவே முதல் அறை பெரியது, பிறகு வரும் அறைகள் சிறியவை. முதல் தட்டு மட்டும் கனமான தகடு. துளைகள் ஒன்றுக்கொன்று நேராக இருக்கக் கூடாது. புகை திரும்பித் திரும்பிப் போக வேண்டும். ரொம்பத் திரும்பினாலும் ஆகாது, எஞ்சின் திணறும். துளியும் சத்தம் கூடாது என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான்: "சத்தம் சுத்தமா நின்னா வண்டியும் நின்னுடும்பா."

கழற்றிய பழைய தட்டுகளை அவர் உடனே எடைக்குப் போடுவதில்லை. கடையின் பின்சுவரில் ஆணிக்கு ஆணி ஒரு தடித்த கம்பி தொங்குகிறது. அதில் கோத்துவிடுவார். கோக்கும்போது அது எதனால் போயிற்று என்று ஒரு வார்த்தை உரக்கச் சொல்வார். "சூடு." "தண்ணி." "எண்ண." யாருக்குச் சொல்கிறார் என்று தெரியாது, கடையில் ஆள் இல்லாதபோதும் சொல்வார். சொல்லிவிட்டுக் கம்பியின் நுனியை வளைத்து மூடுவார். ரம்ஜான் பிறப்பதற்கு முந்தைய நாள் கம்பி காலியாகும்; மறுபடி ஒரு வருடம் நிறையும்.

முதல் தட்டு சூட்டில் போகும். கடைசித் தட்டு தண்ணீரில் போகும். புகையில் இருக்கும் ஈரம் குழாய் நன்றாகக் காய்ந்தால் ஆவியாகிவிடும். காயாவிட்டால் வால் பக்கம் தங்கித் துருவாகும். அதனால் குறைந்த தூரம் ஓடும் வண்டிக்குத்தான் வால் சீக்கிரம் அழுகும். நாராயணசுவாமி குருக்களின் ஸ்கூட்டர் வீட்டிலிருந்து மலையடிவாரம் வரைதான் போகும். ஒவ்வொரு மழைக்காலத்திலும் கடைசித் தட்டு உளுத்துவிடும்.

"சாமி, மாசம் ஒருவாட்டி இத திருப்பதி வரைக்கும் ஓட்டிட்டு வாங்க."

"இங்கே முருகனை வச்சுண்டு அங்கே எதுக்கு ஓய் போகணும்?"

"நீங்க ஒண்ணும் கும்புட வேணாம். வாசல்ல நில்லுங்க. பைப்பு காஞ்சிட்டு வரட்டும்."

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் விட்டுக்கொடுத்ததில்லை. கம்பியில் ஏறிய தட்டு மறுபடி வண்டிக்குப் போகாது. அவசரத்துக்குப் பழசையே மாட்டித் தரச் சொல்லி யாராவது கெஞ்சினால், "மய்யத்த அடக்கம் பண்ண எடுத்த பொறவு வூட்டுக்கு திருப்பி இட்டாருவாங்களா?" என்பார்.

சாயங்கால டீ நேரத்தில் அவருக்கு வேறொரு தொழில் உண்டு. ஊரில் ஓடி ஓய்ந்த வண்டிகளின் சத்தத்தை வாயால் போடுவார். டயர் கடைக்காரர் கேட்பார்: "பாய், போஸ்ட்மேன் ஜாவா!" பாய் டீச்சாஸரைக் கீழே வைத்து, கன்னத்தை உப்பி, கண்ணை மூடுவார். ஜாவா பஜார் தெரு முனை திரும்பும். மணியார்டர் எதிர்பார்த்த வீடுகளுக்கு முன் வேகம் குறையும். அடுத்தது ஜவுளிக்கடை ராஜ்தூத். அதற்கடுத்து, யாரும் கேட்காமலே, என் பக்கம் திரும்பி என் லாம்பிரெட்டா. அதை நான் 2003இல் விற்றுவிட்டேன். மூன்றாம் கியரிலிருந்து நான்காவதுக்குப் போகும்போது ஒரு இருமல் இருமும். அந்த இருமல் அவர் வாயிலிருந்து வரும்போது, பின்னால் பூக்கூடையை மடியில் வைத்து ஒருபக்கமாக உட்கார்ந்திருந்த என் மனைவியின் தோள் என் முதுகில் இடிக்கும். டீயைக் குடித்து முடிக்க எனக்குக் கொஞ்ச நேரமாகும். அவர் அவசரப்படுத்த மாட்டார்.

இந்த ஆண்டு பிப்ரவரி மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, கௌரியம்மாள் ஆர்.கே.பேட்டை டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே கடைக்குள் வந்தாள். டீக்கடைக்குப் பால் ஊற்றிய குமரவேலின் மனைவி. குமரவேல் போன புரட்டாசியில் காய்ச்சல் கண்டு இறந்துபோனார். இவள் வருவதற்கு நான்கு நாளைக்கு முன்புதான் அவருடைய பழைய மொபெட்டைக் கலீம் பாய் புதிதாக்கி அனுப்பியிருந்தார். சைலன்சர் தொங்கிவிட்டதை ஒட்டித் தாருங்கள் என்று மட்டும்தான் கேட்டிருந்தாள். பாய் பழகிய மனிதருக்காக எல்லாவற்றையும் செய்தார். ஆறு தட்டும் புதிது. கோணலாக இருந்த குழாயை நிமிர்த்தினார். வெள்ளிப் பெயிண்ட் வேறு.

"பாய், என் எருமைய கெடுத்துட்டியே" என்றாள்.

"இன்னா கௌரிம்மா? எருமைக்கு இன்னா?"

"பால அடக்கிகினு கீது. மடி கல்லாட்டம் ஆவுது, எறங்க மாட்டேங்குது. அழாக்கு வரதே பெரும்பாடு."

"அதுக்கு மாட்டு டாக்டராண்ட போ. என்னாண்ட வந்தா?"

"டாக்டரு வந்து பாத்துட்டாரு. சீக்கு ஒண்ணும் இல்லன்னுட்டாரு. உன் சைலன்சருதான் அதுக்குச் சீக்கு."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கௌரியம்மாள் சிரிக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, அவள் சொன்ன விவரம் இது. ஈன்ற மாதமே கன்று செத்துவிட்டது. கன்று முட்டிக் குடித்தால்தான் எருமைக்குப் பால் சுரக்கும். கன்று இல்லாத எருமைக்கு வேறு ஏதாவது பழக்க வேண்டும். தானாகப் பழகியது குமரவேலின் மொபெட். பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் ஏற்றிக்கொண்டு வருவார். அணைத்தால் மறுபடி கிளம்பாது என்று வண்டியை ஓடவிட்டபடியே மூட்டையை இறக்குவார். அந்தச் சத்தம் கேட்டால் தீவனம் வரும் என்று எருமைக்குத் தெரிந்துபோயிற்று. சத்தம் கேட்டதும் காம்பில் பால் வந்துவிடும். அவர் இறந்த பிறகு நான்கு நாள் கறவை இல்லை. ஐந்தாம் நாள் யாரோ வண்டியை விலை பேச வந்து கிளப்பிப் பார்த்தபோது, கட்டுத்தறியில் பால் தானாகச் சொட்டியது. அன்றிலிருந்து கௌரியம்மாள் வேளைக்கு வேளை வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, பெடலை மிதித்துக் கிளப்பிவிட்டுத்தான் கறக்க உட்காருகிறாள். எருமைக்குப் பாட்டுக் கச்சேரி வைக்கிறாள் என்று தெருவில் கேலி செய்வார்களாம்.

"இப்ப நீ போட்டுக் குடுத்தது பூன நடக்கற மாதிரி கீது. அதுக்கு யாரோ எவரோன்னு இருக்குது. இப்பிடியே வுட்டா கறவ மறுத்துடும். வூட்ல கறக்கறது அது ஒண்ணுதான் பாய். நகரிப் பக்கத்து மாட்டுத் தரகரு வர ஞாயித்துக்கிழம கவுத்தோட வந்து ஓட்டிகினு போறேன்னுட்டாரு."

கலீம் பாய் முகம் சிவந்தது. "சத்தம் கம்மி பண்ணுன்னுதான் எல்லாம் வருவாங்க. கம்மியா ஆயிடுச்சின்னு சண்டைக்கு வந்த மொத ஆளு நீதான்."

ஆனால் மறுநாள் பிற்பகல் என்னையும் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். கௌரியம்மாள் குவளையை முழங்கால்களுக்கிடையே வைத்துத் தயாராக உட்கார்ந்தாள். பாய் எருமைக்குப் பின்னால் மறைந்து நின்று, கன்னத்தை உப்பி, குமரவேலின் மொபெட்டை வாயால் ஓட்டினார். எனக்கு அது அசலாகவே இருந்தது. எருமை மெல்லுவதை நிறுத்தியது. காதைத் திருப்பியது. தலையைத் திருப்பிப் பாயை மேலும் கீழும் பார்த்தது. பிறகு சாணி போட்டது.

புரட்டாசிக்குப் பிறகு கௌரியம்மாள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். "அது ஏமாறாது பாய். உன் தாடிய பாத்துடுச்சி."

வெள்ளிக்கிழமை அவர் முறையாக இறங்கினார். பழைய முதல் தட்டின் துளை எவ்வளவு பெருத்திருந்தது என்று நினைவுபடுத்தி, ஒரு புதுத் தட்டில் அதே அளவுக்குத் துளையிட்டு, அவள் வீட்டுக்கு எடுத்துப் போய் மாட்டினார். வண்டி கிளம்பியதும் சத்தம் பழைய அளவுக்கு ஏறிவிட்டது. பாய் என்னைப் பெருமையாகப் பார்த்தார். எருமை தொட்டியை விட்டுத் தலையைத் தூக்கவேயில்லை.

"சத்தம் சரியாத்தான கீது?"

"சத்தம் கீது. ஆனா வேற யாரோ வர மாதிரி கீது. அவரு வண்டி ஒண்ணுவுட்டு ஒண்ணு தட்டும். கனகம்மாசத்திரத்தாண்ட லாரிக்காரன் ஒதுக்கி, பால் கேனோட பள்ளத்துல போய் வுழுந்தாருல்ல? அதுலேர்ந்துதான் அப்பிடி. நானே திட்டியிருக்கேன், இன்னாய்யா தகர டப்பாவ கட்டி இழுத்துகினு வரேன்னு."

கலீம் பாய் தீவனத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். அப்படி விழுந்ததில் கோணிய குழாயைத்தான் அவர் நிமிர்த்தியிருந்தார். குழாய் கோணியிருந்ததால் புகை முதல் தட்டின் நடுவில் படாமல் ஒரு பக்கமாகவே இடித்திருக்கிறது. பதினோரு வருடம் ஒரே பக்கத்தைத் தின்றிருக்கிறது. அந்தத் துளை வட்டமே இல்லை. எந்த டிரில்லும் அப்படியொரு துளை போடாது.

"அந்தத் தட்டு கம்பியிலதானே இருக்கு?" என்றேன்.

அவர் எழுந்து வண்டியை அணைத்தார். மொபெட்டைச் சரக்கு ஆட்டோவில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுவந்தார்.

சனிக்கிழமை காலை கேஸ் வெல்டிங்கைப் பற்றவைக்காமல் பின்சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ரம்ஜான் பிறக்க இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் இருந்தது. பிறந்திருந்தால் கம்பி காலியாகியிருக்கும், யோசிக்கவும் வேண்டியிருந்திருக்காது. இரண்டு வண்டிகளைத் திருப்பி அனுப்பினார். கௌரியம்மாள் பஸ்ஸில் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் பாய் எழுந்து, குறடால் கம்பியின் நுனியை நிமிர்த்தினார். தட்டுகளை ஒவ்வொன்றாக உருவி வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சூடு, தண்ணி, எண்ணெய். பத்துப் பன்னிரண்டுக்கு அப்புறம் ஒரு தட்டைக் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டே நின்றார். துளை இடது பக்கமாக நீண்டு, வேப்பம்பழம்போல் இருந்தது. விளிம்பு காகிதமாக மெலிந்திருந்தது.

"எவ்ளோ நாள் தாங்கும் பாய்?" என்று கேட்டாள் கௌரியம்மாள்.

"அவரு மாதிரி ஓட்டினா ரெண்டு மாசம். நீ நின்ன எடத்துல வேளைக்கு பத்து நிமிஷம் ஓட்டினா... இந்தக் கறவைக்குத் தாங்கும்."

பிறகு, தான் நிமிர்த்திய குழாயைப் பழையபடி கோணலாக்க வைஸின் பிடியில் இறுக்கினார். முப்பது வருடமாக நிமிர்த்தியே பழகிய கை. சுத்தி இரண்டு முறை ஓங்கி, அடிக்காமல் இறங்கியது. மூன்றாவது முறை அடித்தார்.

"இன்னும் கொஞ்சம்" என்றாள் அவள். பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தாள். "இன்னும். அவரு காலு இங்க படும். சுடுதுன்னு அந்தப் பக்கம் மட்டும் லுங்கிய தூக்கிக் கட்டிக்குவாரு. ஆங், போதும்."

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போனபோது தரகர் பிரகாஷ் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றிருந்தார்.

"இன்னா பாய், எருமைக்கு சைலன்சர் மாட்ட வந்தியா?"

"இல்ல நைனா. மொதல்ல உன் வாய்க்கு ஒண்ணு மாட்டிட்டு, அப்புறமா அதுக்கு."

கௌரியம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பெடலை மிதித்தாள். முதல் மிதியில் கிளம்பவில்லை. இரண்டாவதில் கிளம்பியது. தட்-டட், தட்-டட் என்று ஒன்றை விழுங்கி ஒன்றைத் துப்பியது. தகர டப்பாவைக் கட்டி இழுக்கும் சத்தம்தான். வேறு உவமை எனக்கும் கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் கையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள்.

எருமை தலையைத் தூக்கியது. ஓடிக்கொண்டிருந்த மொபெட்டை அது பார்க்கவில்லை. தெரு திரும்பும் முனையைப் பார்த்தது. பார்த்துக்கொண்டே நின்றது. கௌரியம்மாளும் அந்தப் பக்கம் ஒரு தடவை திரும்பினாள், உடனே குனிந்து உட்கார்ந்துவிட்டாள். குவளையின் அடியில் முதல் பீச்சு விழுந்த சத்தம் தகரத்தில் கணீரென்று கேட்டது. பிறகு சத்தம் கனத்தது. நுரை ஏறிய பிறகு கேட்கவேயில்லை. தரகர் கயிற்றைச் சுற்றிக் கைக்குள் மடக்கிக்கொண்டு, "சரி அப்ப, ஆடில பாக்கலாம்" என்று கிளம்பினார்.

வண்டி நின்ற இடத்தில் சைலன்சரின் வாய் கலீம் பாயின் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

திரும்பி வந்து கடையைத் திறந்தார். சட்டைப் பையிலிருந்து, பழைய தட்டை மாட்டுவதற்காகக் கழற்றிய புதுத் தட்டை எடுத்தார். அதிகம் கரி படாமல் பளபளவென்று இருந்தது. அதைச் சட்டை நுனியால் துடைத்து, துருவேறிய தட்டுகளோடு கம்பியில் கோத்தார். நான் வழக்கமான ஒற்றை வார்த்தைக்காகக் காத்திருந்தேன். அவர் எதுவும் சொல்லாமல் குறடை எடுத்துக் கம்பியின் நுனியை வளைத்தார்.